தர்மபுரி வெயிலும் வாசனை மெழுகுவத்தியும்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்ற ஏற்பாடு முதலில் வேர் பிடித்தது தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989 செப்டம்பரில், ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கே தொடங்கிய திட்டம், பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று நகர்ந்து, 1997-98 முதல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள்தான் இருந்தது; 2004இல் தனி மாவட்டமானது. குழுக்கள் வந்த கையோடு கைத்தொழில் பயிற்சிகளும் வந்தன. ஊறுகாய், அப்பளம், ஊதுபத்தி, பினாயில், சோப்புத்தூள், மெழுகுவத்தி என்று போகும் அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அதில் மெழுகுவத்திக்குப் பயிற்சியாளர்களிடம் எப்போதுமே செல்வாக்கு உண்டு. காலையில் சொல்லிக்கொடுத்தால் சாயங்காலம் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துவிடலாம். விற்பதுதான் கஷ்டம்.

அந்த நாள் மெழுகுவத்தி என்பது அலுமினிய அச்சில் வெள்ளைப் பாரஃபினை ஊற்றி எடுக்கும் ஒல்லிக் குச்சி. மின்வெட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது பெட்டிக்கடைகளில் மெழுகுவத்தி இருப்பு தங்கவில்லை. மின்வெட்டு குறைந்தது, இன்வெர்ட்டரும் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கும் வந்தன, குச்சி மெழுகுவத்தியின் கணக்கும் முடிந்தது. மிச்சம் இருப்பது தேவாலயங்களும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளும்தான். தர்மபுரி 1997 முதல் தனிக் கத்தோலிக்க மறைமாவட்டம் என்பதால் அந்தத் தேவை இங்கே சிறிதாகவேனும் நிலையாக இருக்கிறது.

இப்போது வீடுகளில் கேட்கப்படுவது வேறு சரக்கு. கண்ணாடிக் குவளையில் ஊற்றிய வாசனை மெழுகு, ரோஜா வடிவம், குமிழ்க் கனசதுரம், தாம்பூலப் பையில் போட்டுத்தரும் சின்ன டப்பா. வெளிச்சத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. அழகுக்கும் மணத்துக்கும் பரிசுக்கும் வாங்குகிறார்கள். ஆகவே செய்ய உட்காருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் மாறிவிட்டது: எந்த மெழுகு நல்லது? காணொலிகள் தரும் பதில் ஒரே அச்சில் வார்த்தது. சோயா இயற்கை, அதனால் நல்லது; பாரஃபின் ரசாயனம், அதனால் கெட்டது. இந்தப் பதில் தர்மபுரிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

மெழுகை எரித்து வெளிச்சம் தேடுவது தமிழர் பழக்கமாக இருந்ததில்லை. நம் விளக்குகள் எண்ணெய் விளக்குகள்; வீட்டில் ஆமணக்கெண்ணெய், கோயிலில் இலுப்பை எண்ணெய், நெய். தேன்மெழுகு போன இடம் ஸ்தபதியின் பட்டறை. சுவாமிமலையில் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துத்தான் சிலைக்கு மாதிரி பிடிக்கிறார்கள். மேல்நாட்டு மெழுகுவத்தியின் வரலாற்றிலோ நம் பக்கத்துத் தேங்காய்க்கு ஓர் இடம் உண்டு. லண்டனில் 1830இல் தொடங்கிய பிரைஸ் நிறுவனம் தேங்காய் எண்ணெயிலிருந்து கெட்டிப் பகுதியைப் பிரிக்கும் காப்புரிமையை வாங்கி, அதற்காக இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோப்பையும் வாங்கிப் போட்டது. 1840இல் விக்டோரியா ராணியின் திருமணத்துக்கு ஜன்னல்தோறும் ஏற்ற, கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டியரினையும் தேங்காய்க் கொழுப்பையும் கலந்து ஒரு மலிவு மெழுகுவத்தியை அவர்கள் இறக்கினார்கள். பத்தே ஆண்டில், 1850இல், ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பெட்ரோலியம் வந்தது. மற்ற மெழுகுகளெல்லாம் விலையில் தோற்று ஒதுங்கின.

முதலில் பாரஃபின். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து மசகு எண்ணெய் எடுக்கும்போது அதிலிருந்து பிரித்தெடுப்பது இது. சென்னை மணலியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையும் அசாமின் டிக்பாயும் நெடுநாளாகத் தயாரிக்கின்றன. சிவகாசிப் பக்கத்துத் தீக்குச்சியிலும் இதே மெழுகு தடவியிருக்கும். குச்சி நுனியில் பற்றிய தீ மரத்துக்கு இறங்கிவர அது வேண்டும். கடையில் 58 முதல் 60 டிகிரி வரை உருகும் ரகம்தான் அதிகம் கிடைக்கிறது. வாங்கும்போது கேட்க வேண்டியது அதில் மிஞ்சியிருக்கும் எண்ணெயின் அளவு. 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் முழுச் சுத்திகரிப்பு. அதற்கு மேல் போனால் விலை குறையும். மண்ணெண்ணெய் வாடை லேசாக வரும், வெயிலில் மேற்பரப்பு வியர்க்கும். வாசனை மெழுகுவத்திக்கு அந்த மிச்சம் பிடிக்கும் காசு வீண். நூறு கிராம் பாரஃபினுக்கு ஐந்து முதல் பத்து கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் மெழுகு கெட்டிப்படும், பால் வெள்ளை நிறம் வரும், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்றும் வரும். ரோஜா, தாமரை, பிள்ளையார் என்று உருவம் வார்ப்பதற்கு இந்தக் கலவைக்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை என்பதே என் கருத்து. ரசாயனம் என்று முகம் சுளிப்பவர்கள் வீட்டில் இருக்கும் வாசலினும் அதே குடும்பம்தான்.

சோயா மெழுகுக்கு முப்பது சொச்சம் வயதுதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவாவில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர் தேன்மெழுகுக்கு மலிவான மாற்றுத் தேடிப்போய்ச் செய்தது. சோயா எண்ணெய்க்குள் ஹைட்ரஜனை ஏற்றி உறையவைக்கிறார்கள். நம் ஊரில் 1937 முதல் டால்டா டப்பாவில் வந்த வனஸ்பதியும் அதே வழியில் பிறந்ததுதான். செடியிலிருந்து வந்தது என்பது உண்மை. தொழிற்சாலை வாசலை மிதிக்காமல் வந்தது என்பது விளம்பரம். இதன் நற்குணங்கள் வேறு. வாசனை எண்ணெயை நன்றாகப் பிடித்துவைக்கும், மெதுவாக எரியும், சிந்தினால் சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிடலாம். குவளைக்கான சோயா 50 டிகிரியை ஒட்டி உருகிவிடும். இங்கேதான் தர்மபுரி குறுக்கே வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 39 டிகிரி சாதாரணம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழும், பஸ்ஸின் பார்சல் பெட்டிக்குள்ளும் சூடு அதையும் தாண்டும். உருகாவிட்டாலும் இளகும். குவளையில் இருந்தால் தப்பித்தது. தனியாக நிற்கும் உருவமாக இருந்தால் இதழ் மடங்கிப்போகும். விலையும் பாரஃபினைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அயோவாவின் குளிருக்குப் பிறந்ததை அரூருக்குக் கொண்டுவரும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தேங்காய் மெழுகு என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது கலப்பு என்று தெரிந்துகொண்டே வாங்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகிவிடும். மார்கழிக் காலையில் மட்டும்தான் நம் வீட்டுச் சீசாவில் உறைந்து நிற்கிறது. பாமாயில் மெழுகு இதற்கு நேர் எதிர். 60 டிகிரி வரை தாங்கும். 90 டிகிரிச் சூட்டில் ஊற்றி மெதுவாக ஆறவிட்டால் பரப்பெங்கும் இறகு விரித்ததுபோல் படிகக் கோலம் விழும். மெதுவாக ஆறுவதற்கு நம் ஊர் வெக்கையே உதவி. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களிலிருந்து வருகிறது என்ற குற்றச்சாட்டு மட்டும் இதன் தலையில் இருக்கிறது. தவிட்டு எண்ணெய் சுத்திகரிப்பில் கிடைக்கும் தவிட்டு மெழுகு 77 டிகிரிக்கு மேல்தான் உருகும். சோயாவோடு கொஞ்சம் சேர்த்தால் வெயில் தாங்கும் சக்தி கூடும். நெல் விளையும் நாட்டில் அதை இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்குப் புரியவில்லை.

ஜெல் மெழுகு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது மெழுகே இல்லை. கனிம எண்ணெயில் பாலிமர் சேர்த்துக் கெட்டியாக்கியது. கண்ணாடி போல் தெரியும், உள்ளே சிப்பியும் வண்ண மணலும் போட்டால் கடைக்காரர் கண் அகலும். சூடு அதிகம். அதில் எல்லா வாசனை எண்ணெயும் கரையாது. தீப்பற்று நிலை 77 டிகிரிக்கு மேல் உள்ள, ஜெல்லுக்கென்றே விற்கும் எண்ணெயாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பூவையும் காய்ந்த இதழையும் உள்ளே அமிழ்த்துவது விபத்தைக் கூப்பிடுவது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம் என்பேன்.

தேன்மெழுகைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், தர்மபுரிக்கு உண்மையில் நெருக்கமான மெழுகு அதுதான். ஒகேனக்கல் பாறைகளிலும் பென்னாகரம், சித்தேரி மலைக் காடுகளிலும் மலைத்தேனீ கூடு கட்டுகிறது. வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றில் நான்கு ஜோடிச் சுரப்பிகள். அவற்றில் சுரந்து செதிலாக உறைவதை வாயில் மென்று அடை கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு முதல் எட்டுக் கிலோ தேன் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், நம் வெயிலை அசட்டை செய்யும், புகை குறைவு, தேன் மணம் கூடவே வரும். கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் பலிபீடத்துக்கு இதையே கேட்டது. ஆனாலும் தேனைப் பிழிந்த பிறகு அடையைத் தூக்கி எறிவது பல இடங்களில் வழக்கம்.

எறியாமல் என்ன செய்யலாம் என்பதற்கு நீலகிரி பதில் சொல்லியிருக்கிறது. 1993இல் தொடங்கி, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, தேன் எடுக்கும் குறும்பர், இருளர் போன்ற பழங்குடிகளோடு வேலை செய்து, அடையை உருக்கி வடிகட்டி, பழங்குடிப் பெண்களின் கையால் மெழுகுவத்தியும் களிம்பும் சோப்பும் செய்ய வழி வகுத்தது. லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற பெயரில் அவை கடைக்கு வருகின்றன. செய்முறையில் மறைபொருள் ஒன்றும் இல்லை. பிழிந்த அடையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, துணியில் வடித்து, ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாக உறையும். அழுக்கு அடியில் நிற்கும். தட்டின் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு இன்னொரு முறை உருக்கலாம். இதில் ரோஜா எண்ணெயோ சாக்லேட் வாசனையோ கலப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விலை கூடிய சரக்கின் சொந்த மணத்தை, விலை குறைந்த எண்ணெயை ஊற்றி அமுக்குகிறார்கள்.

புகைச் சண்டைக்கு வருவோம். 2009இல் அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாரஃபின் எரியும்போது டொலுயீன் போன்ற கேடான ஆவிகள் வருகின்றன, சோயாவில் வருவதில்லை என்று ஒரு மாநாட்டில் வாசித்தார்கள். செய்தித்தாள்கள் அதை உலகெங்கும் கொண்டுபோயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, ஜெர்மனியில் நடந்த சோதனை பாரஃபின், சோயா, ஸ்டியரின், பாமாயில், தேன்மெழுகு எல்லாவற்றின் புகையையும் அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லை, அளவுகளும் பாதுகாப்பு வரம்புக்கு மிகக் கீழே என்று சொல்லியிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது மெழுகுவத்தித் தொழில்துறை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டையும் தராசில் வைத்தால் எனக்குத் தோன்றுவது இது: வீட்டில் கண்ணால் காணும் கரிக்கு மெழுகைவிடத் திரியும் காற்றும்தான் காரணம். மின்விசிறிக்குக் கீழே எரியும் எந்த மெழுகுவத்தியும் கரி கக்கும்.

அந்தத் திரியைத்தான் யாரும் பேசுவதில்லை. பூஜைக்குத் திரிக்கும் பஞ்சுத் திரியை மெழுகுவத்திக்குள் வைத்தால் என்ன என்று கேட்கும் பெண்கள் நிறைய. அகல் விளக்கில் கருகிய நுனியைத் தட்டி, திரியைத் தூண்டிவிட ஒரு கை இருக்கிறது. மெழுகுவத்தியில் திரி தானே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1825இல் பிரான்சில் காம்பசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, நுனி தீயின் ஓரத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். குவளையின் குறுக்களவுக்கு ஏற்ற திரி வேண்டும். மெலிந்தால் நடுவில் மட்டும் கிணறு தோண்டும், ஓரத்து மெழுகு உருகாமல் நிற்கும். தடித்தால் தீ ஆடும், புகையும், கண்ணாடி சுடும். முதல் முறை ஏற்றியபோது உருகிய குளம் விளிம்புவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே சோதனை. நிமிர்ந்து நிற்க உள்ளே ஈயக் கம்பி வைத்த பழைய ரகத் திரிகளை அமெரிக்கா 2003இல் தடை செய்துவிட்டது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் உலோகக் கம்பி தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இனி மணம். தர்மபுரி பூக்காடு. பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளிப் பக்கம் குண்டுமல்லியும் சம்பங்கியும் சாமந்தியும் விளைகின்றன. பண்டிகைக்கு முதல் நாள் பூ மார்க்கெட்டில் விலை ஏறுவதும், ஆடியில் கேட்பாரற்றுக் கொட்டுவதும் வாடிக்கை. விற்காத பூவை மெழுகில் போட்டு மணக்கவைக்கலாமே என்ற ஆசை இயல்பானது. நடக்காது. பூவில் தண்ணீர் இருக்கிறது, அது மெழுகோடு சேராது. இதழ் அழுகும், காய்ந்தால் தீப்பிடிக்கும். சத்தியமங்கலம் வட்டாரத்தில் ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டுதான் மல்லிகை, சம்பங்கி மணத்தைப் பிரிக்கிறார்கள். 'கான்கிரீட்' என்று சொல்லும் அந்தச் சம்பங்கிச் சாரம் ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிலோ அளவில் பூ வேண்டும். அந்தச் சரக்கு வெளிநாட்டு வாசனைத் திரவிய நிறுவனங்களுக்குப் போகிறது. நமக்குக் கிடைக்கும் மல்லிகை எண்ணெயில் பெரும்பாலும் பென்சைல் அசிடேட், லினலூல் போன்றவற்றை ஆலையில் சேர்த்துக் கூட்டிய மணம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 'இயற்கை மல்லிகை' என்று லேபிள் ஒட்டாதவரை. நிஜமான தாவர எண்ணெய்தான் வேண்டுமென்றால் எலுமிச்சைப்புல், நீலகிரித் தைலம், வெட்டிவேர் ஆகியவை கட்டுபடியாகும் விலையில் இருக்கின்றன.

சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெழுகுவத்தி வாங்குவோர் அதிகம் விரும்பும் மணங்களில் ஒன்று; இந்த மாவட்டத்திலோ அதற்கு ஒரு கசப்பான நினைவும் உண்டு. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்கள்மீது நடத்திய கொடுமைக்காக, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த மாவட்டத்தில் சந்தன வாசனை மெழுகுவத்தி விற்பவர் அந்த ஊரைத் தாண்டித்தான் போய்வருகிறார்.

சமையல் எசென்ஸும் உடம்பில் அடிக்கும் சென்ட்டும் மெழுகில் உதவாது. ஒன்று கரையாது, இன்னொன்று சாராயம் கலந்தது, குப்பென்று பற்றும். கேக் நிறமும் தண்ணீர்ச் சாயம் என்பதால் அடியில் துளித்துளியாக உருண்டுவிடும். கிரேயான் உருக்கி ஊற்றினால் அதன் நிறமித்தூள் திரியை அடைத்துவிடும். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம்தான் வழி. சென்னை பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது.

செய்வது இப்படி. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் மூக்கு வைத்த எவர்சில்வர் குவளையில் மெழுகு. அடுப்புமேல் நேராக வைத்தால் மெழுகு எந்த நேரத்தில் புகைந்து பற்றும் என்று தெரியாது. பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் போட்டு அமுக்க வேண்டும். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருவது நல்லது. எல்லாவற்றையும் எடை போட்டே அளக்க வேண்டும்: நூறு கிராம் மெழுகுக்கு ஆறு முதல் எட்டு கிராம் வாசனை எண்ணெய். கூடுதலாக ஊற்றினால் மணம் கூடுவதில்லை, எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும். சோயாவுக்கு 80 டிகிரியை ஒட்டி எண்ணெயைவிட்டு, இரண்டு நிமிடம் குமிழ் எழாமல் கலக்கி, 55 முதல் 60 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றலாம். குவளையை முன்னதாகவே வெதுவெதுப்பாக்கி வைத்தால் கண்ணாடியோடு மெழுகு ஒட்டாமல் திட்டுத்திட்டாகத் தெரிவது குறையும். பாரஃபின் ஆறும்போது சுருங்கும். மேலே தோல் கட்டி, திரியைச் சுற்றிக் குழி விழும். அந்த நேரத்தில் ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டு, மிச்சம் வைத்த மெழுகைச் சூடாக ஊற்றி நிரப்ப வேண்டும். இந்த இரண்டாம் ஊற்றைச் சோம்பலில் விடுபவர்களின் மெழுகுவத்தி பாதியில் அணைவது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால்தான். சோயாவில் வெண்பூஞ்சை பூத்ததுபோல் படிவது குறையல்ல, அதன் இயல்பு. நிறம் போடாமல் விட்டால் கண்ணுக்கே தெரியாது. ஊற்றிய அன்றே ஏற்றிப் பார்த்து மணம் இல்லை என்று நொந்துகொள்வதும் வேண்டாம். சோயாவுக்கு ஒன்று, இரண்டு வாரம் மூடிவைக்க வேண்டும்.

குவளைக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிப் பயன்படுத்துகிறார்கள், அழகாகவே இருக்கும். மண் சட்டி என்றால் உள்பக்கம் பூச்சு கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு சுவரில் ஊறி, திரி வறண்டுவிடும். மூங்கில் குழாய் வேண்டாம்.

விற்பனைக்கு வழிகள் இப்போது முன்பைவிடப் பரவாயில்லை. மகளிர் திட்டத்தின் பூமாலை வணிக வளாகம், மதி அங்காடி, கல்லூரிச் சந்தை ஆகியவை குழுக்களுக்கு மேடை தருகின்றன. 1976 முதல் ஆரோவில்லில் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் செய்யும் மரோமா, கைவேலை வாசனைச் சரக்கை உலகச் சந்தைக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டியிருக்கிறது. அங்கே கைகொடுத்தது ஒரே தரத்தில் வருடம் முழுக்கச் செய்யும் ஒழுங்கும் உறையின் அழகும். நமக்குப் பக்கத்தில் 130 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. பரிசு மெழுகுவத்திக்குக் காசு கொடுக்கும் ஊர் அது. அங்கே சோயா என்ற பெயருக்கே விலை உண்டு என்பதால், பெங்களூருக்குப் போகும் குவளைகளுக்குச் சோயா, உள்ளூர்த் தாம்பூலத்துக்கும் உருவ அச்சுக்கும் ஸ்டியரிக் கலந்த பாரஃபின், காட்டுத் தேன்மெழுகு கிடைத்தால் வாசனை சேர்க்காமல் தனி விலைக்கு என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

சரக்கு போகும் காலமும் வெயிலை ஒட்டியே அமையும். தீபாவளியும் கார்த்திகையும் கிறிஸ்துமஸும் அடுத்தடுத்து வருவதால், சோயா ஊற ஆகும் இரண்டு வாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஆவணிக் கடைசியிலேயே ஊற்றத் தொடங்கிவிடலாம். மாசியோடு உருவ மெழுகுவத்தியைப் பார்சல் அனுப்புவதை நிறுத்திவிட்டு, சித்திரை வைகாசியில் மூடியுள்ள தகர டப்பாக்களை மட்டும், அதுவும் ராத்திரி பஸ்ஸில் ஏற்றலாம்.